கடல் வெப்பமும் நம் நாட்டு மழையும்

மழையின்றி உலகியல் நடவாது என்பதை நம் முன்னோர் தெளிவுற உணர்ந்திருந்தனர். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தமையே இதற்குத் தக்க சான்றாகும். கடல்நீரை முகந்து எழும் மேகமே மலையிலும் வயலிலும் மழையாகப் பொழிகின்றது என்பதும் பழந்தமிழ்ப் புலவர்கள் அறிந்திருந்த செய்தியேயாம். ஆயினும், ஓர் ஆண்டில் ஏரிக்கரை உடையும்படி பெய்கின்ற மழை, மற்றோர் ஆண்டில் ஏரியின் அடிமண் வெடிக்கும்படி பொய்த்துவிடுவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர்கள் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக முயன்று வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடையின் பெரும்பகுதி வானத்தில் இல்லை, கடலில் இருக்கின்றது.

இவ்வினாவின் ஆழத்தை உணர்வதற்குச் சென்னைக்குத் தெற்கே உள்ள வண்டலூர்ப் பகுதியைக் காண்போம். வண்டலூரில் குன்றும் காப்புக்காடும் உண்டு. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அங்கேதான் அமைந்துள்ளது. அதனைச் சுற்றிலும் ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் முதலிய ஊர்கள் உள்ளன. ஊர்தோறும் ஏரி வெட்டி, ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் சென்று சேருமாறு அமைத்தனர் நம் முன்னோர். இவ்வாறு வழிந்து வரும் நீர் திரண்டே அடையாறு என்னும் ஆறாகிறது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் காலையில் தொடங்கி, மறுநாட் காலை எட்டரை மணிக்குள், தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. சென்னைப் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 140 செ.மீ. ஆகும். எனவே, ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டிற்று எனலாம். முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகள் நீரில் மூழ்கின. மக்கள் மாடிகளில் ஏறி நின்று படகுகளை எதிர்நோக்கினர். பலர் உயிர் இழந்தனர்.

அடுத்த ஆண்டோ நிலைமை முற்றிலும் மாறிற்று. 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா என்னும் புயல் சென்னைக் கரையைக் கடந்தது. வண்டலூர்ப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்திற்று. எனினும் மழைக்குறை தீரவில்லை. 2019-ஆம் ஆண்டின் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டன. சூலை 12-ஆம் நாள் சோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு இரயில்வண்டி ஒன்று சென்னை வில்லிவாக்கத்திற்கு வந்து சேர்ந்தது. வெள்ளத்தில் மூழ்கிய அதே நகரம், நான்கு ஆண்டுகள் முடிவதற்குள் குடிநீருக்கு ஏங்கி நின்றது.

இந்தியாவின் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றினால் மழை பெறுகின்றது. தமிழகத்திற்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை அரண்போல் நிற்பதால், அக்காற்று தன் நீரைப் பெரும்பாலும் மலையின் மேற்புறத்திலேயே சொரிந்துவிடுகின்றது. ஆகவே, நம் மாநிலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அடைமழைக் காலமாதற்குக் காரணம் இதுவே. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இம்மூன்று திங்களில் பெய்கின்றது. சென்னை போன்ற கடற்கரைப் பகுதிகளில் பாதிக்கும் மேலாகவே பெய்கின்றது. அம்மூன்று திங்கள் பொய்த்தால், எஞ்சிய ஒன்பது திங்களும் இடர்ப்படவேண்டியதுதான்.

இனி, கடலுக்கும் இம்மழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோம். நீர் மெல்லச் சூடேறும், மெல்லவே ஆறும். கோடையில் நண்பகலில் மணல் காலைச் சுடும்போது கடல்நீர் குளிர்ந்திருப்பதையும், இரவில் மணல் குளிர்ந்தபின் கடல்நீர் வெதுவெதுப்பாய் இருப்பதையும் கடற்கரை வாழ்வோர் அறிவர். உலகைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலம் முழுவதும் அடக்கியுள்ள வெப்பத்தைக் கடலின் மேற்பரப்பிலுள்ள இரண்டரை மீட்டர் நீரே அடக்கிக்கொள்ள வல்லது. காற்று நேற்றைய வெப்பத்தை இன்று இழந்துவிடும். கடலோ சென்ற ஆண்டின் வெப்பத்தையும் மறவாது வைத்திருக்கும். ஆகையால், கடலின் ஒரு பகுதி வழக்கத்தினும் சற்று மிகுதியாக வெப்பமுற்றால், அதன் விளைவு பல திங்கள் வரை நீடிக்கின்றது.

உலகப் பெருங்கடல்களுள் மிகப் பெரியது பசிபிக் பெருங்கடல். அதன் கீழ்க்கரையில் தென் அமெரிக்காவின் பெரு நாடும், மேற்கே இந்தோனேசியத் தீவுகளும் உள்ளன. நிலநடுக்கோட்டை ஒட்டி அங்குக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வியாபாரக் காற்று இடையறாது வீசுகின்றது. அக்காற்று வெப்பமுற்ற மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கின்றது. அதனால், அங்குக் கடல்மட்டம் பெருப் பக்கத்தைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்து நிற்கும். பெருக் கரையிலோ, தள்ளப்பட்ட நீருக்கு ஈடாக ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுந்து வரும். அந்நீரில் மீன்களுக்கு வேண்டிய உணவுச் சத்துகள் மிகுதியாக உள்ளமையால், அக்கரை மீன்வளத்திற்குப் பெயர் பெற்றது.

வெப்பநீர் குவிந்துள்ள இந்தோனேசியாவின் மேல் ஈரக்காற்று எழும்பி மழை பொழிகின்றது. எழும்பிய காற்று வானின் உயர்மட்டத்தில் கிழக்கே சென்று, குளிர்ந்த பெருக் கரையில் இறங்கி, மீண்டும் கடல்மட்டத்தில் மேற்கு நோக்கி வீசுகின்றது. இஃது ஏற்றத்தில் பூட்டிய கயிறுபோல ஒருபுறம் எழுந்து மறுபுறம் இறங்கும் ஒரு பெருஞ் சுழற்சியாகும்.

சில ஆண்டுகளில் இவ்வியாபாரக் காற்று தளர்ந்துவிடுகின்றது. தளர்ந்தவுடன், மேற்கே குவிந்திருந்த வெப்பநீர் கிழக்கு நோக்கித் திரும்பிப் பரவுகின்றது. பெருக் கரையில் குளிர்நீர் மேலெழுவது குறைகின்றது, மீன்வளமும் குன்றுகின்றது. கிறித்துமசு விழாவை ஒட்டி இவ்வெப்பநீர் வருவதைக் கண்ட அந்நாட்டு மீனவர், அதற்கு 'எல் நினோ' என்று பெயரிட்டனர். குழந்தை இயேசுவைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் அது. இதற்கு மாறாக, வியாபாரக் காற்று வலுத்துக் கீழைப் பசிபிக் பகுதி வழக்கத்தினும் குளிர்வதுண்டு. அந்நிலையை 'லா நினா' என்பர். இவ்விரு நிலைகளும் இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி மாறித் தோன்றுகின்றன. தோன்றினால் பெரும்பாலும் ஓராண்டளவு நீடிக்கும். இவற்றின் வெப்ப வேறுபாடு பார்வைக்குச் சிறியது; இயல்பினும் அரை டிகிரி உயர்ந்து பல திங்கள் நிலைத்தாலே அதனை எல் நினோ எனக் கொள்வர்.

பெருக் கரையின் வெப்பத்திற்கும் நம் நாட்டு மழைக்கும் உறவு உண்டென்பது எளிதில் புலப்பட்ட செய்தி அன்று. அதற்குப் பின்னே துயர வரலாறு ஒன்று உண்டு. 1876-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பருவமழைகள் பொய்த்தன. அடுத்த ஆண்டில் பசிபிக் பெருங்கடலில் மிக வலிய எல் நினோ தோன்ற, தென்மேற்குப் பருவமழையும் தவறிற்று. தாது வருடப் பஞ்சம் எனத் தமிழ் மக்கள் இன்றும் நினைவுகூரும் பெரும் பஞ்சம் அதுவே. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். பட்டினியால் வாடியோர்க்குக் கூலி தரும் பொருட்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அக்காலத்தில் வெட்டப்பட்டது. பக்கிங்காம் கால்வாயின் அப்பகுதியை இன்றும் சென்னையில் காணலாம்.

இந்திய வானிலைத் துறை 1875-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பருவமழையை முன்னறிவது எவ்வாறு என்பது அதன் தலையாய கவலையாயிற்று. 1904-ஆம் ஆண்டில் அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கணிதத்தில் தேர்ந்த அறிஞர். அவர் உலகின் பல்வேறு நிலையங்களில் பதிவான காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் கணக்குகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கினார். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கின்றது. அங்குத் தாழும்போது இங்கு உயர்கின்றது. துலாக்கோலின் இரு தட்டுகளை ஒத்த இவ்வசைவிற்குத் 'தெற்கத்திய அலைவு' என்று அவர் 1924-ஆம் ஆண்டில் பெயரிட்டார். இவ்வலைவும் பெருக் கடலின் எல் நினோவும் ஒரே நிகழ்ச்சியின் இரு கூறுகள் என்பதை, நார்வே நாட்டு மரபில் வந்த பியெர்க்னெசு என்னும் அறிஞர் 1969-ஆம் ஆண்டில் விளக்கினார். நாம் மேலே கண்ட காற்றுச் சுழற்சிக்கு 'வாக்கர் சுழற்சி' என்று பெயரிட்டவரும் அவரே. இந்திய மழையைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்த ஆராய்ச்சி, இன்று உலகின் வானிலை அறிவிற்கே அடிப்படையாய் நிற்கின்றது.

எல் நினோ நம் மழையை மாற்றும் வகையில் ஒரு வியப்பு உண்டு. அது தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் போக்கு உடையது. ஆனால் வடகிழக்குப் பருவமழையைக் கூட்டும் போக்கு உடையது. ஒரே கடல் மாற்றம் வட நாட்டிற்கு வறட்சியையும் தென் நாட்டிற்குப் பெருமழையையும் தருவது எவ்வாறு? வெப்பநீர் கிழக்கே நகரும்போது, காற்று எழும்பும் இடமும் அதனோடு நகர்கின்றது. இந்தோனேசியாவின் மேலும் அதனை அடுத்த பகுதிகளின் மேலும் காற்று எழும்புவதற்கு மாறாக இறங்கத் தலைப்படுகின்றது. இறங்கும் காற்று மேகத்தை வளரவிடாது. கோடையில் இந்திய நிலப்பரப்பின் மேல் எழும்பும் காற்றாலேயே தென்மேற்குப் பருவமழை பெய்வதால், அது தளர்கின்றது.

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் நிலைமை வேறு. அப்போது நமக்கு மழை தருவது வங்கக் கடலின் மேல் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றாகும். இந்தோனேசியாவின் பக்கம் இறங்கும் காற்று கடல்மட்டத்தில் மேற்கு நோக்கிப் பரவி, இக்கீழைக் காற்றிற்குத் துணை செய்கின்றது. வலுப்பெற்ற காற்று கடலின் ஈரத்தை மிகுதியாக வாரிவந்து தமிழகத்திலும் இலங்கையிலும் பொழிகின்றது. லா நினாவில் இதற்கு எதிர்மாறான போக்கே காணப்படும்.

பசிபிக் பெருங்கடல் மட்டுமன்றி, நம் இந்தியப் பெருங்கடலும் இதில் பங்கு கொள்கின்றது. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கரையை அடுத்த மேலைக் கடல் வழக்கத்தினும் வெப்பமுறும். சுமத்திரா தீவை அடுத்த கீழைக் கடல் குளிரும். சில ஆண்டுகளில் இது தலைகீழாகும். இதனை 'இந்தியப் பெருங்கடல் இருமுனை' என்பர். முதல் நிலை நேர்நிலை எனவும், அடுத்தது எதிர்நிலை எனவும் வழங்கும். இவ்வலைவை 1999-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய அறிஞர் குழுவில், இந்தியராகிய சாஜியும் சப்பானியராகிய யமகட்டாவும் இருந்தனர். நேர்நிலையில், குளிர்ந்த கீழைக் கடலிலிருந்து வெப்பமுற்ற மேலைக் கடலை நோக்கிக் காற்று வீசும். அக்காற்றும் நம் வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் துணையே. 2019-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்நேர்நிலை மிக வலுவாகத் தோன்றியது. அப்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருவெள்ளமும் ஆசுதிரேலியாவில் வறட்சியும் காட்டுத்தீயும் உண்டாயின.

இக்கூற்றுகளை நம் நாட்டு நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1997-ஆம் ஆண்டில் வலிய எல் நினோவும் இருமுனையின் நேர்நிலையும் சேர்ந்து வந்தன. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை மிகுந்தது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்க்கும் எனப் பலர் அஞ்சினர். ஆனால் அஃது இயல்பான அளவில் பெய்தது. நேர்நிலை எல் நினோவின் தீங்கைத் தணித்தது என அறிஞர் கருதுகின்றனர். 2015-ஆம் ஆண்டின் எல் நினோ மிக வலியது. தென்மேற்குப் பருவமழை இந்திய அளவில் நூற்றுக்கு 14 பங்கு குறைய, சென்னையிலோ பெருவெள்ளம் உண்டாயிற்று. 2016-இல் லா நினா தோன்றியது, இருமுனையும் எதிர்நிலையில் நின்றது, தமிழகம் வறண்டது. 2023-இல் எல் நினோவும் நேர்நிலையும் மீண்டும் கூடின. அவ்வாண்டு டிசம்பரில் மிக்சாம் புயலால் சென்னை வெள்ளத்தில் ஆழ்ந்தது. அதே திங்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது.

இவற்றைக் கண்டு, எல் நினோ வந்தால் வெள்ளம், லா நினா வந்தால் வறட்சி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் எல் நினோ மெலிவாகத் தோன்றியது. எனினும் சென்னையில் மழை இயல்பில் பாதியளவும் பெய்யவில்லை. மறு ஆண்டின் குடிநீர்ப் பஞ்சத்திற்கு அதுவே காரணமாயிற்று. 2021-ஆம் ஆண்டில் லா நினா நிலவியது. ஆயினும் நவம்பர் ஒரு திங்களில் மட்டும் சென்னையில் 100 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிற்று. வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள் எத்தனை, அவை எவ்வழிச் செல்கின்றன, எங்கே தங்குகின்றன என்பவற்றைப் பொறுத்தே ஓர் ஊரின் மழை அமைகின்றது. கடலின் வெப்பம் துலாத்தட்டை ஒரு பக்கம் சற்றுத் தாழ்த்துகின்றது. தட்டில் பிற எடைகளும் உள்ளன. ஆகவே, வானிலை அறிஞர் கூறுவது வாய்ப்பேயன்றி வாக்குறுதி அன்று. இதனை உணராதார், முன்னறிவிப்பு ஒருமுறை தவறியவுடன் அதனை இகழ்வர்; ஒருமுறை பலித்தவுடன் அதனைச் சோதிடம்போல் நம்புவர். இரண்டும் தவறேயாம்.

இவற்றினும் நீண்ட அலைவுகளும் உண்டு. வட பசிபிக் பெருங்கடலின் வெப்பநிலை இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை போக்கு மாறுகின்றது. அலாசுக்காக் கரையில் சால்மன் மீன்கள் பல்லாண்டு பெருகியும் பல்லாண்டு குறைந்தும் வந்தமையை ஆராய்ந்தபோது, 1990-களில் இவ்வலைவு தெளிவுற்றது. இத்தகைய நெடிய அலைவுகள் எல் நினோவின் விளைவைச் சில காலங்களில் வலுப்படுத்தியும், சில காலங்களில் மெலிவித்தும் நிற்கின்றன. இவையனைத்திற்கும் மேலாக, மனிதர் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றால் உலகமும் வெப்பமடைந்து வருகின்றது. இந்தியப் பெருங்கடலின் வெப்ப மண்டலப் பகுதி 1951 முதல் 2015 வரை ஏறத்தாழ ஒரு டிகிரி வெப்பமேறியுள்ளது. அலைவு என்பது உயர்ந்தபின் தாழும். இவ்வேற்றமோ தாழ்வின்றித் தொடர்கின்றது. காற்று ஒரு டிகிரி வெப்பமேறினால் நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கவல்லது. பெய்தால் பெருமழையாய்ப் பெய்யும் நிலை இதனால் மிகுகின்றது.

கடலின் வெப்பத்தை அறிவதற்கு இக்காலத்தில் கருவிகள் பல உண்டு. செயற்கைக்கோள்கள் கடலின் மேற்பரப்பை அளக்கின்றன. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகள் திரிகின்றன. அவை இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை மூழ்கி, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து, தாம் அளந்த வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோள் வழியே அறிவிக்கின்றன. வண்டலூருக்கு அண்மையிலுள்ள பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. 1993-இல் நிறுவப்பட்ட அக்கழகம், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்திக் காத்து வருகின்றது. இவற்றின் உதவியால், எல் நினோ வருவதைப் பல திங்கள் முன்னரே அறிய முடிகின்றது.

முன்னறிவு மட்டும் போதுமா? செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் திருநீர்மலைக்கு அருகே அடையாற்றில் கலக்கின்றது. முடிச்சூரும் வரதராசபுரமும் அதற்கு மேற்பட்ட ஆற்றுப்போக்கில் உள்ளன. ஆதலின் 2015-இல் அவ்வூர்களைச் சூழ்ந்த வெள்ளம் செம்பரம்பாக்கத்திலிருந்து வந்ததன்று. சுற்றியுள்ள சிற்றூர் ஏரிகள் நிரம்பி வழிந்த நீரே அது. அந்நீர் தன் பழைய வழியில் சென்றது. அவ்வழியில் வீடுகள் எழுந்திருந்தன. ஏரியின் வரத்துக்காலும் கலங்கலும் போக்குக்காலும் செம்மையாக இருந்தால், பெருமழை ஆண்டில் வெள்ளத்தின் வேகம் தணியும். தேங்கிய நீர் வறண்ட ஆண்டில் கிணறுகளுக்கு ஊற்றாகும். ஒரே ஏரி இரு துன்பங்களுக்கும் மருந்தாதலைக் காண்க. மழை ஆண்டுதோறும் ஒரே சீராகப் பெய்யாது என்பதை அறிந்தே நம் முன்னோர் ஏரிகளை வெட்டினர். குடிமராமத்து என்னும் முறையால் ஊரார் கூடி அவற்றைப் பழுது பார்த்தனர். அவர்கள் எல் நினோ என்னும் பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்திருந்தனர்.

மாணவர்களே! கடலின் வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஓர் ஊராரால் இயலாது. ஆனால் தம் ஊர் ஏரியின் நீர் எங்கிருந்து வருகின்றது, நிரம்பினால் எவ்வழிச் செல்லும் என்பதை ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளலாம். பள்ளியில் மழைமானி இருப்பின், நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழையின் அளவைக் குறித்து வைக்கலாம். வாக்கர் கண்ட பேருண்மை, பல நாடுகளில் பலர் பொறுமையுடன் குறித்து வைத்த இத்தகைய சிறு கணக்குகளிலிருந்தே பிறந்தது. ஐப்பசி வருமுன் ஏரியின் கால்வாய்களைத் தூர்வாரி வைப்பவருக்கு, அவ்வாண்டு மழை மிகினும் குறையினும் பயன் உண்டு.